வேண்டுதலும் ஈதலும்: குற்றாலத்து வாசகமும் தென்காசிக் கல்வெட்டும்

திரிகூடமலையின் அடிவாரத்தில், ஒன்றற்கொன்று ஐந்து கிலோமீட்டர் அளவிலே அமைந்த திருக்குற்றாலமும் தென்காசியும் சைவ உலகிற்கு இரண்டு அரிய வாக்குகளை அளித்துள்ளன. ஒன்று, மாணிக்கவாசக சுவாமிகள் திருப்புலம்பலிற் குற்றாலத்துக் கூத்தனை விளித்து அருளிய விண்ணப்பம். மற்றொன்று, தென்காசி விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் கல்லிற் பொறித்து வைத்த செய்யுட்கள். முன்னையது வேண்டுதலைப் பற்றியது. பின்னையது ஈதலைப் பற்றியது. இரண்டும் தனித்தனியே பலராலும் எடுத்தோதப்படுவனவாயினும் ஒருங்கு வைத்து நோக்கப்படுதல் அரிது. தன்னலங் கருதும் அவா என்பது யாது, அதனை விடுதற்கு உயிருக்குச் சுதந்திரம் உண்டோ, ஒருவன் செய்யும் கொடை எப்பொழுது கொடையாகும் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர் அங்ஙனம் ஒருங்கு நோக்குதல் பயனுடைத்து.

இவ்வினாக்களை இக்காலத்து உலகெங்கும் எழுப்பி வருவோருள் யூத சமயத்தின் மறைஞானமாகிய கபாலாவைப் பயில்வோர் முற்பட நிற்கின்றனர். கபாலம், கபாலி என்னும் சொற்களோடு இப்பெயர்க்கு யாதொரு தொடர்பும் இல்லை. எபிரேய மொழியில் ஏற்றல் எனப் பொருள்படும் பகுதியினின்று பிறந்து, வழிவழியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்னுங் கருத்தை உணர்த்துவது அது. ஒலியொப்புமை ஒன்றே பற்றி உறவு கற்பிப்பார் இதனை நினைவிற் கொள்வாராக.

யூதர் இந்நாட்டிற்குப் புதியரல்லர். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பாலுள்ள சேரநாட்டிலே, கி.பி. 1000ஐ ஒட்டி, பாஸ்கர இரவிவர்மன் என்னும் வேந்தன் யோசேப்பு ரப்பான் என்பார்க்கு உரிமைகள் அளித்து வட்டெழுத்திற் செப்பேடு வழங்கினான். கொச்சி மட்டாஞ்சேரியிற் பரதேசி யூதர்தம் தொழுகைப்பள்ளி 1568இல் எழுந்தது. 1615இல் மறைந்த நெகேமியா மோத்தா என்னும் கபாலாப் புலவரின் சமாதியும் அங்கே உள்ளது. அதனைப் பிற சமயத்தாரும் விளக்கேற்றி வழிபட்டு வருகின்றனர். ஆதலின் அவர்தம் கொள்கையை அயல்நாட்டுப் புதுமையெனத் தள்ளுதலும் வேண்டா, அயல்நாட்டிலிருந்து வந்தமை பற்றியே தலைமேற்கொள்ளுதலும் வேண்டா.

அக்கொள்கையின் சாரம் பின்வருமாறு. கபாலாவின் முதன்மை நூலாகிய சோகர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டில் வெளிப்பட்டது. மரபாளர் அதனை 2ஆம் நூற்றாண்டினராகிய சிமியோன் பார் யோகாய் என்னும் ஆசிரியர்க்கு உரியதாக்குவர். சபேத் நகரத்து ஈசாக்கு லூரியா (1534–1572), எல்லையிலா ஒளியாகிய இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு படைப்பிற்கு இடந்தந்தான் என உபதேசித்தார். அம்மரபினைப் பலர்க்கும் விளங்க விரித்தவர், போலந்து நாட்டிற் பிறந்து எருசலேமிற் குடியேறி 1954இல் மறைந்த யெகுதா அஷ்லாக் என்பவர். இறைவன் இயல்பு ஈதலே. ஈதற்கு ஏற்பான் ஒருவன் வேண்டுதலின் அவன் புதிதாகப் படைத்தது ஒன்றேயாம். அஃது ஏற்கும் இச்சை என்பது அவர் துணிபு. உலகும் உயிரும் எல்லாம் அவ்விச்சையின் ஏற்றத்தாழ்வுகளே. தனக்கென ஏற்பவன் ஈவோனின் இயல்பிற்கு மாறுபட்டு நிற்றலால் அவனின் நீங்கினவனாகின்றான். இயல்பு ஒத்தவழி அணுகினவனாகின்றான். அணுகுதற்கு வழி இச்சையைக் கொல்லுதலன்று, இச்சையின் நோக்கத்தைத் திருப்புதல்.

இதனை விளக்க அவர் காட்டும் உவமை தமிழர்க்கு எளிதில் விளங்குவது. செல்வன் ஒருவன் இல்லத்திற்கு வந்த விருந்தினன், பிறர் சோற்றை வறிதே உண்ண நாணி, பசி இல்லையென மறுக்கின்றான். செல்வனோ விடாது வேண்டுகின்றான். தான் உண்டலே விருந்தோம்புவானுக்கு உவகை தருவது என்று தெளிந்த பின்னர் விருந்தினன் உண்கின்றான். உண்ணும் வாயும் உணவும் முன்போலவே இருப்பினும், இப்பொழுது ஏற்றலே ஈதலாய் முடிந்தது. உழையாது உண்ணும் உணவை நாணின் உணவு என்பது அவர் மரபு; அந்நாணம் நீங்குதற்பொருட்டே உயிர் இவ்வுலகில் உழைக்க வைக்கப்பட்டதாம். உயிரின் சுதந்திரத்தைப் பற்றி 1933இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கூறுவதும் கருதற்பாலது. மனிதன் தன் பிறப்பையோ இயல்பையோ தேர்ந்துகொண்டவனல்லன். அவனுக்குள்ள சுதந்திரம் தன்னைச் சூழ நிற்கும் நூல், ஆசிரியர், தோழர் என்னும் சார்பினைத் தேர்ந்துகொள்ளுதல் ஒன்றே. கோதுமை வித்துக் கோதுமையே ஆயினும், வீழ்ந்த நிலத்திற்குத் தக விளைவது போல.

இதனைக் கேட்ட சைவ அன்பருட் சிலர், 'ஏற்கும் இச்சை எனப்படுவது ஆணவமலம். ஈயும் இச்சை எனப்படுவது திருவருள். பெயர் வேறு, பொருள் ஒன்று' என்று முடித்துவிடுகின்றனர். சமரசம் நன்று, ஆயினும் பொருளை ஆராயாது பெயரை மாற்றி வைத்தல் சமரசமாகாது.

என்னை? ஆணவமலம் படைக்கப்பட்டதன்று. செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் போல உயிரோடு அநாதியே உள்ளது. இறைவன் அதனை நீக்குவோனேயன்றி ஆக்குவோனல்லன். தன்னலத்தை இறைவனே படைத்தான் எனின், கட்டினவனும் அவனே, அவிழ்க்க உழைக்கச் சொல்வோனும் அவனே என்று முடியும். கலம் இல்வழி ஏற்றல் நிகழாது, ஆதலாற் கலத்தைப் படைத்தான் என்பது கபாலாவினர் கூறும் சமாதானம். அது நுண்ணியதே, ஆயினும் பசியைப் படைத்துப் பின் சோறிடுவோனின் கருணையினும், முன்னரே பசித்திருப்பவனுக்குச் சோறிடுவோனின் கருணை குறைபாடற்றது என்க. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என மெய்கண்ட மரபு வற்புறுத்துவது வெறும் எண்ணிக்கை வழக்கன்று. இறைவன்மேற் பழி ஏறாமற் காக்கும் வரம்பு அது.

இரண்டாவதாக, இச்சை மலமன்று. இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உயிரின் ஆற்றல்கள். அவற்றை மறைத்து நிற்பது ஆணவம். மறைப்பை ஒருசார் விலக்கக் கலை கிரியையையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்புகின்றன என்பது தத்துவ நூற்றுணிபு. அராகம் மாயையின் காரியம். இறைவன் அதனைக் கூட்டுவிப்பது உயிர் கல்லெனக் கிடவாது ஏதேனும் ஒன்றை விழைந்தேனும் எழட்டும் என்றேயாம். ஆகவே உலகப்பொருளை விழையும் சிறுவிழைவுதானும் இருட்டறையில் ஏற்றிய கைவிளக்கு. பிழை விளக்கினதன்று. அவ்விளக்கொளியிற் கண்டதனை யான், எனது எனப் பற்றிக்கொள்ளும் முனைப்பே பிழை. புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என உமாபதி சிவனார் திருவருட்பயனில் வேறுபடுத்தியது இதுபற்றியே. தன்னலமுடையான் ஒருவனும் தன்னைத் தன்னலமுடையான் என்று அறிந்திலன். அறிந்தவழி அது பாதி நீங்கியது.

ஏற்றலும் பிழையன்று. உயிர் அறிவித்தால் அறியும் இயல்பினது, காட்டக் காண்பது. ஏற்றலே பிழையாயின் உயிரின் இயல்பே பிழையாய், வீடுபேறு என்பதும் இன்றாம். திருவள்ளுவனார் ஈகை அதிகாரத்தில் ஏற்றலைத் தீதென்று கூறியது மக்கள்தம்முள் நிகழும் கொடுக்கல் வாங்கல் பற்றியது. அதனை இறைவன்முன் நிற்கும் உயிர்க்கும் ஏற்றிக் கூறுதல் இடமறியாக் கூற்றாகும்.

இனித் திருக்குற்றாலத்து வாசகத்தை நோக்குக. திருப்புலம்பலின் மூன்று பாட்டுக்களுள் இறுதியது அது. உற்றார், ஊர், பேர், கற்றார் என்னும் நான்கனையும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாமென விலக்கி, இனிக் கற்க வேண்டுவனவும் போதும் என்று அடிகள் அமைகின்றார். விலக்கப்பட்டவை இழிந்த பொருள்களல்ல என்பது குறிக்கொளத்தக்கது. பொன்னையும் பெண்ணையும் வேண்டேன் என்றல் துறவியர்க்கெல்லாம் பொதுவான வாய்பாடு. சுற்றத்தையும் கற்றோரையும் வேண்டேன் என்றலோ நல்லனவற்றையும் விடுதலாம். நூற்பயிற்சியே வாழ்வாகக் கொண்டோர் இப்பாட்டின் இவ்விடத்தைச் சற்று விரைந்தே ஓதிக் கடத்தல் இயல்பு.

இத்துணையும் மறுத்த வாய் முடிவில் மௌனமாகவில்லை. வேண்டேன் என்று தொடங்கியது வேண்டுவன் என்று முடிகின்றது. பகுதி ஒன்றே, எதிர்மறையும் உடன்பாடுமே வேறுபாடு. வேண்டும் ஆற்றல் அழிந்துபடவில்லை. பல கிளையாகச் சிதறிய நீரை மடையடைத்து ஒரு வாய்க்காலிற் செலுத்தினாற்போல, அது குற்றாலத்துக் கூத்தன் திருவடிமேற் செல்கின்றது. அவா அறுத்தல் என்பதனை விழைவே இன்றி மரம்போலிருத்தல் எனப் பொருள்கொண்டு உபதேசிப்பார் இப்பாட்டின் ஈற்றடிக்கு என்ன உரை காண்பர்? பற்றற்றான்மேற் பற்று வைத்தே பற்றை விடுக என்னும் வள்ளுவர் கருத்தும் இதுவே. இவ்வளவில் நோக்கத்தைத் திருப்புக என்னும் கபாலாக் கொள்கை சைவத்திற்கு அணித்தாய் நிற்றலை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அடிகள் வேண்டியது யாது என்பதிலே வேறுபாடு தோன்றுகின்றது. கற்றாவின் மனத்தைப் போலத் தம் மனம் கசிந்துருக வேண்டும் என்கின்றார். கன்று என்னும் மென்றொடர்க் குற்றியலுகரம் வன்றொடராய்த் திரிந்து ஆ என்பதனோடு புணர்ந்து கற்றா என நின்றது. கன்றையுடைய ஆ என்பது பொருள். இதனைத் தாயைத் தேடும் கன்று என மாற்றிப் பொருள் கூறுவாரும் உளர். அடியவன் கன்று, ஆண்டவன் தாய் என்னும் பழகிய உவமை முன்வந்து சொல்லை மறைத்தமையால் வந்த பிழை அது. இங்கே அடியவரே தாய்ப்பசு.

ஈன்ற பசுவைக் கட்டுத்தறியிற் பிணித்துக் கன்றை வேறிடத்தில் அடைத்து வைத்தாலும், கன்றின் குரல் கேட்டவளவில் அதன் மடி நெகிழ்கின்றது. அதன் வேட்கையோ மிகக் கடியது. தறியை முறிக்கவும் முற்படும். ஆனால் அவ்வேட்கை பெறுதற்கு எழுந்ததன்று, கொடுத்தற்கு எழுந்தது. கொடாவிடின் மடி கட்டி வருந்துவது தாயே. விழைவும் ஈகையும் இருவேறு பொருளாய் நில்லாது ஒன்றேயாகும் இடம் உலகில் உண்டோ எனின், கற்றாவின் நெஞ்சைக் காட்டி விடையிறுத்தார் அடிகள்.

வியப்பிற்குரியது என்னவெனில், யூதர்தம் தால்முது நூலிலும் இவ்வுவமை ஆளப்பட்டுள்ளது. சிறையிலடைக்கப்பட்ட அக்கிபா என்னும் ஆசிரியரிடம் சிமியோன் பார் யோகாய் சென்று தமக்குக் கற்பிக்குமாறு வற்புறுத்துகின்றார். கன்றுக்குக் குடிக்கும் விருப்பம் எத்துணைத்தாயினும் ஊட்டும் விருப்பம் தாய்ப்பசுவுக்கு அதனினும் பெரிது என்று ஆசிரியர் மறுமொழி கூறுகின்றார். கேட்ட மாணவர், சோகர் நூலுக்கு உரியராக மரபிற் போற்றப்படும் அச்சிமியோனே. ஒரு நாட்டார் பிற நாட்டாரிடம் கற்றுக்கொண்டதாக இதனாற் கருதற்க. பசு இரண்டு நாட்டிலும் ஒன்றே.

ஆனால் அங்கே பசுவாவார் ஆசிரியர்; ஈவோர் நிலையில் நிற்பவர். இங்கே பசுவாவார் அடியவர். குறைவிலா நிறைவாகிய சிவபிரான் கன்றாதல் எங்ஙனம் எனின், கூறப்படும். கற்றா கன்றுக்குச் சொரியும் பால் அதன் சொந்தப் பொருளன்று. பிறர் இட்ட புல்லும் நீருமே அவ்வுருக்கொண்டன. அஃதேபோல அடியவர் கசிந்து சொரிவதும் அவன் முன்னர்த் தந்ததே. அன்றியும் உவமை கன்றின் பசியைப் பற்றி எழுந்ததன்று. மனத்தைப் போல என்று அடிகள் தாமே வரையறுத்துக் கூறினமையின், ஒப்புமை தாயின் நெஞ்சளவிலே நின்றது. கோயிற்றிருப்பதிகத்தில் இறைவன் தன்னைக் கொடுத்துத் தம்மைக் கொண்டதனைப் பண்டமாற்றாக வைத்து, இருவருட் சதுரர் யாவர் என அடிகள் வினவுவதனை இதனோடு ஒப்பவைத்துக் காண்க. அங்கேயும் தமக்கென மீதி ஒன்றும் இல்லை.

மற்றொன்று. அம்மனத்தைப் பெற்றேன் என்று அடிகள் கூறவில்லை. வேண்டுவன் என்றே கூறுகின்றார். ஈயும் நெஞ்சுதானும் இரந்து பெறவேண்டிய பொருளாயிற்று. இங்கேதான் நாணின் உணவு என்னும் கொள்கை தடையுறுகின்றது. ஏற்பதில் நாணம் எப்பொழுது எழும்? ஈவோனும் ஏற்போனும் ஒருவர்க்கொருவர் புறத்தராய் நிற்குமிடத்து எழும். செல்வன் இல்லத்து விருந்தினன் நாணுதல் முறையே, அவ்வில் அவனதன்று. தாய்மடியிற் பாலுண்ணும் கன்று நாணுவதில்லை. அதன் கடனைத் தீர்க்க அது உழைப்பதும் இல்லை. அஷ்லாக் என்பார் விருந்தினன் உவமையைக் கொண்டதும், மணிவாசகர் பசுவின் உவமையைக் கொண்டதும் வெறும் சுவை வேறுபாடல்ல. உயிர் இறைவனுக்கு அயலானோ, அன்றி அவனோடு பிரிவின்றி அத்துவிதமாய் நிற்பதோ என்னும் தத்துவ வேறுபாடே உவமை வேறுபாடாய் வெளிப்பட்டது. யூதர்தம் பழைய ஆசிரியராகிய அக்கிபா பசுவையே கூறியிருக்க, பின்னையோர் விருந்தினனைத் தேர்ந்தது இரங்கத்தக்கது.

குற்றாலத்து வேண்டுதல் இத்தன்மையதாக, அவ்வருவி நீரையே கொண்டு ஓடும் சிற்றாற்றின் வழியே கீழிறங்கினால் எதிர்ப்படுவது தென்காசி. மதுரையை இழந்து பொருநை நாட்டளவிற் சுருங்கிய பாண்டியர் கிளையில் வந்தவன் பராக்கிரம பாண்டியன். 1446ஐ ஒட்டி இவ்வாலயத் திருப்பணியைத் தொடங்கினான். வடகாசிக்கு யாத்திரை செல்வோர் வழியிலே இறந்துபடுதல் கண்டு, தெற்கே ஒரு காசி அமைக்குமாறு சிவபிரான் கனவில் அருளினார் என்றும், எறும்புச் சாரை வழிகாட்டச் செண்பகவனத்திற் சிவலிங்கத்தைக் கண்டான் என்றும் தலவரலாறு கூறும். அவனுக்குப்பின் குலசேகர பாண்டியன் திருப்பணியைத் தொடர்ந்தான்.

அவன் கல்லிற் பொறித்த செய்யுட்களுள் இரண்டு ஈண்டைக்கு வேண்டுவன. இவ்வாலயம் தெய்வத்தின் செயலால் அமைந்தது, தன் செயலால் ஆயதன்று. இதனை மேலும் விரிவாக்கிக் காப்போரின் அடிகளில் வீழ்ந்து அவர்க்கு ஏவல் செய்வேன் என்பது ஒன்றன் கருத்து. வரலாகாத குற்றம் ஏதேனும் இவ்வாலயத்திற்கு வருமாயின், அதனை ஒழித்துக் காப்போர் யாவராயினும் அவரை உலகறிய வணங்கினேன் என்பது மற்றொன்றன் கருத்து.

அறத்தைக் காத்தார் திருவடி தன் தலைமேலது என எழுதுதல் இவனுக்கு முற்பட்ட கல்வெட்டுக்களிலும் காணப்படும் வழக்கே. அதனை இவனே கண்டுபிடித்தான் எனப் புகழ்தல் பழங்கல்வெட்டுக்களைப் படியாமையால் நேர்வது. பழங்கல்வெட்டுக்களிற் பெருவழக்காய் உடன் நிற்பது சாபம்: அறத்தை அழித்தோர் கங்கைக்கரையிற் காராம்பசுவைக் கொன்றார் எய்தும் பாவத்தை எய்துவர் என்பது. இச்செய்யுட்களிலோ சாபம் இல்லை. பணிவு மட்டுமே உள்ளது. வழிபாட்டின் பயனையும் தண்டத்தின் அச்சத்தையும் கருதிச் செய்யும் அறம் தன்பொருட்டுச் செய்யும் அறம் என்றும், அதனினின்று அறத்தின்பொருட்டே செய்யும் அறத்திற்கு ஏறவேண்டும் என்றும் யூத ஆசிரியர் கூறுவர். சாபத்தை விடுத்துப் பணிவை மட்டும் எழுதிய பாண்டியன் அந்த ஏணியின் மேற்படியில் நிற்கின்றான் எனல் தகும்.

ஈண்டுத் தடை நிகழ்த்துவார் உளர். ஆலயம் தன் செயலன்று என்பான் தன் பெயரை இரு செய்யுளின் ஈற்றிலும் பொறித்தது என்னை? இஃது ஆணவம் புறவாயிலாற் போய்ப் புழைக்கடை வழியாக நுழைந்ததன்றோ என்பது அது. தடை வலியுடைத்து, கொடையாளிகள் பெயர் ட்யூப் விளக்குகளிலும் எழுதப்பட்டு இறைவன் திருமேனியினும் விளங்கித் தோன்றும் இக்காலத்துக் கோயில்களைக் கண்டார் எவர்க்கும் இவ்வையம் எழாமற் போகாது. ஆனால் செய்யுளின் வினைமுற்றுக்களை நோக்கின் விடை கிடைக்கும். ஆலயம் அமைந்தது எனக் கூறுமிடத்து வினை தன்வினையாய்க் கோயிலையே எழுவாயாகக் கொண்டு முடிகின்றது. கட்டினேன் என்னும் தன்மை வினை இல்லை. பணிந்தேன் என ஒன்றிலும் பணிவன் என மற்றொன்றிலும் வரும் தன்மை வினைக்கே பராக்கிரம பாண்டியன் என்னும் பெயர் எழுவாயாகின்றது. கடன்முறி எழுதுவோன் தன் பெயரை இடாவிடின் முறி செல்லாது. பணிகின்றவன் இன்னான் என்று தெரியாவிடின் பணிவும் அத்தன்மைத்தே. கட்டிடத்தில் இட்ட பெயரன்று அது. கடனில் இட்ட கையொப்பம்.

எல்லாம் தெய்வச் செயலாயின் பணிதலும் தெய்வச் செயலாகாதோ, உயிர்க்கு யாது எஞ்சியது எனின், அதுவே வினாக்களுட் கடினமானது. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் இறைபணியில் வழுவாது நிற்றலைப் பாசநீக்கத்திற்கு வழியாக விதித்தது. செயலை அவனிடம் ஒப்பித்தவனுக்கு எஞ்சுவது பணி. பாண்டியன் செயலைத் துறந்தான், பணியைத் துறந்திலன். யாதும் என்னாலாவதன்று என்று சோம்பிக் கிடப்பானும், யாவும் என்னாலாயின என்று தருக்குவானும் ஒருங்கே விலக்கப்பட்டனர். இன்னுமொன்று: என் செயலன்று என்னும் மொழி உலகில் மலிந்தது பிழை நேர்ந்தவிடத்திலே. பெருங்கோயில் எழுந்து நிற்கும் வெற்றியின்கண் அதனைக் கூறினான் இவன்.

உயிரின் சுதந்திரம் கண்ணின் சுதந்திரத்தை ஒத்தது. கதிரொளி இல்வழிக் கண் காணாது. கண் இல்வழிக் கதிர் எதனையும் காட்டாது. தன்வயத்தனாதல் இறைவனுக்கே உரிய குணம். உயிர்க்குரியது சார்ந்ததன் வண்ணமாதல். எதனைச் சாரவேண்டும் என்பதனை மெய்கண்ட தேவர் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் வரையறுத்தார்: மெய்யன்பரோடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதல். சீவன்முத்தர்க்கும் இது வேண்டும் என்பது மரபு. சார்பைத் தேர்தலே மனிதனுக்குள்ள சுதந்திரம் என அஷ்லாக் கூறியது இவ்விடத்திற் சைவத்தோடு வியக்கத்தக்க வகையில் ஒன்றுபடுகின்றது. வேறுபாடு ஒன்று உண்டு. அவர்க்குத் தேர்வோன் மனிதனே. சைவர்க்கோ அத்தேர்வின் பின்னேயும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் நிற்கும். காந்தத்தின் முன் இரும்பு அசைதல் போல என ஐந்தாஞ் சூத்திரம் கூறியதும் அது. அசைவது இரும்பே, அசைப்பது காந்தம்.

ஆலயம் இங்ஙனம் பிற்காலத்தார்க்குச் சார்பாய் நிற்பது. அதனைக் கட்டுவோன் தன் காலத்து உயிர்களுக்கு மட்டும் அன்றி, தான் கட்டளையிட இயலாத உயிர்களுக்கும் கொடுக்கின்றான். அவர் காப்பினும் காக்கலாம், விடினும் விடலாம். நாட்டை இழந்த மரபில் வந்த பாண்டியன் தன் வழியினர் என்றும் அரசாள்வர் என நம்பியிருத்தல் அரிது. யாவராயினும் என்றது இதுபற்றியே. தன் குலத்தார்க்கோ தன் படைக்கோ காவலை விடாமல், பெயரறியாத ஒருவனின் விருப்பத்திற்கு விட்டான். விட்டபின் அவ்விருப்பத்தை வணங்கினான். கொடுத்த பொருளைக் கொடுத்த பின்னும் கையிற் பிடித்திருப்பதே பெரும்பாலார் கொடை. சாபம் எழுதுதலும் அப்பிடியின் ஒரு வகையே.

இறுதியாக ஓர் இலக்கணச் செய்தி. பிறவாத ஒருவரைப் பணிந்தேன் என இறந்தகாலத்தாற் கூறியது வழுவோ எனின், அன்று. விரைவும் தெளிவும் பற்றி எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்படுதல் நன்னூலார்க்கும் உடன்பாடு. மற்றொரு செய்யுளிற் பணிவன் என எதிர்காலத்தையே நிறுத்தியமையால், இரண்டும் அறிந்து வேறுபடுத்தப்பட்டன எனக் கொள்ளலாம்.

தென்காசி இராசகோபுரம் மேற்றளங்கள் இன்றி மொட்டைக் கோபுரம் என்னும் பெயரோடு நெடுங்காலம் நின்றது. வரலாகாத குற்றம் என அரசன் அஞ்சியது வந்தேவிட்டது. பின்னர் ஒன்பது நிலையும் 178 அடி உயரமும் கொண்டு அஃது எடுப்பிக்கப்பெற்று 1990இற் குடமுழுக்குக் கண்டது. அத்திருப்பணிக்குப் பொன்னீந்தோரையும் கல் சுமந்தோரையும் அவர் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டின் முன்னரே இறந்தகாலத்தால் வணங்கிவிட்டான் பாண்டியன். எதிர்காலத்தாற் சொன்ன ஏவற்றொழில் இனி அக்கோபுரத்திற் புல் முளைக்கும்போது அதனைக் களையவிருப்போர்க்கு எஞ்சியுள்ளது.